நாடி என்னும் சொல்

முருகேஸ்வரி, சாயல்குடியை அடுத்த ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவிலியர். விரல் நுனியில் மாட்டும் கருவி வந்த பின்னரும், மணிக்கட்டில் விரல்களை வைத்து முழு நிமிடம் எண்ணாமல் அவர் எவருடைய இதயத் துடிப்பையும் எழுதியதில்லை. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது சீராகத் துடிக்கும் இதயத்திற்குப் போதும், தாறுமாறாகத் துடிப்பதற்குப் போதாது என்பார்.

மிளகாய் விவசாயி கூத்தையாவின் இதயம் தாறுமாறானது. அதை அடக்கக் காலைதோறும் ஒரு மாத்திரை. துடிப்பு அறுபதுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதைக் கொடுக்கவே கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. தினமும் வீட்டுக்குச் சென்று எண்ணியவர் முருகேஸ்வரியே.

சென்ற கார்த்திகையில் ஓடை பெருகிப் பேருந்து நின்றுவிட்டது. கூத்தையாவுக்குத் தலை சுற்றுவதாகவும், மாத்திரையைக் கொடுக்கலாமா என்றும் அவர் மனைவி முருகலட்சுமி தொலைபேசியில் கேட்டார். நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணச் சொன்னார் முருகேஸ்வரி.

நிமிடம் கழிந்தது. "ஒண்ணுமே துடிக்கலையே, நர்சம்மா."

மறுபடியும் பிடித்துப் பார்க்கச் சொல்ல வாயெடுத்தார் முருகேஸ்வரி. அதற்குள் கூத்தையாவின் ஈனக்குரல் கேட்டது: "ஏன்டி, இந்த வயசுல நாடியப் புடிச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்க? மாத்திரையக் குடு."

அந்தப் பக்கத்தில் நாடி என்றால் மோவாய். முருகலட்சுமி கணவரின் மோவாயைப் பிடித்தபடி காத்திருந்திருக்கிறார். தவறு அவருடையதன்று. எப்போதும் தாமே கையைப் பிடித்து எண்ணிய முருகேஸ்வரி, அச்சொல்லை எவருக்கும் விளக்கியதில்லை.

"மாத்திரையக் கீழ வைங்க. அவரு மணிக்கட்டுல, பெருவெரலுக்கு நேரா, ரெண்டு வெரல வைங்க. உங்க பெருவெரல வைக்காதீங்க, அதுல உங்க துடிப்பே தெரியும். வாய்விட்டு எண்ணுங்க, நான் கடிகாரம் பாக்குறேன்."

எண்கள் விட்டுவிட்டு வந்தன. இடையிடையே மழை மட்டும் கேட்டது. நிமிடம் முடிந்தபோது முப்பத்தெட்டு.

மாத்திரை கொடுக்கப்படவில்லை. ஊரார் கூத்தையாவை டிராக்டரில் ஓடை கடத்தி, அக்கரையில் நின்ற ஆம்புலன்சில் ஏற்றினர். பதினொரு நாள் கழித்துக் கூத்தையா வீடு திரும்பினார்.

இப்போது காலையில் எண்ணுபவர் முருகலட்சுமி. வாரம் ஒருமுறை முருகேஸ்வரி வந்து மற்றொரு கையைப் பிடித்துக்கொள்கிறார். இருவரும் பேசாமல் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை வேறுபட்டால் மறுபடியும் எண்ணுகிறார்கள். கூத்தையா அதுவரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.