சித்தப்பாவின் பேண்டில் நான் மணி அடித்தது

பதினோரு வயதில் நான் ஒரு பேண்டு வாத்தியக் குழுவில் மணி அடித்தேன். கோயில் மணி இல்லை, எங்கள் பசுமாட்டின் கழுத்து மணி. மணியின் நாக்கைக் கழற்றிவிட்டு, கரண்டிக் காம்பால் வெளிப்பக்கம் தட்ட வேண்டும். அந்தப் பதவி கிடைத்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேண்டு சித்தப்பாவுடையது. பயணிகள் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவர், அங்கே ஒரு கியூபாக்காரரிடம் காங்கா வாசிக்கக் கற்றுக்கொண்டு, இடுப்பளவு உயரமான அந்த இரட்டை மேளத்தோடு விடுமுறைக்கு வந்து இறங்கினார். பட்டுக்கோட்டையில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் டிரம்பெட்காரர் ஒருவரையும், கல்லூரியில் படித்த கிட்டார் அண்ணன் ஒருவரையும் சேர்த்துக்கொண்டார். லத்தீன் தாளத்தில் ராக், சோல், ஃபங்க் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறினால் என்ன வருமோ அதுதான் எங்கள் இசை. அப்பா அதைக் கூட்டாஞ்சோறு என்றார். பாராட்டாகச் சொல்லவில்லை.

சித்தப்பாவுக்குத் திரும்பக் கப்பலேற மனமில்லை. இங்கேயே பேண்டு நடத்த ஆசை. அப்பாவோ, "மேளம் தட்டுறதெல்லாம் ஒரு பொழப்பாடா? ஒழுங்கா கப்பலுக்குப் போய்ச் சேரு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அண்ணன் பேச்சை மீறிப் பழக்கமில்லாத தம்பி, தலையை ஆட்டிவிட்டார். விமான டிக்கெட்டும் வந்துவிட்டது. அடுத்த வாரம் பயணம். கல்யாணமாகி மூன்று வருடத்தில் சித்தப்பாவோடு சேர்ந்தாற்போல் நான்கு மாதம்கூட இருந்திராத சித்தியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சித்தப்பா போய்விட்டால் மணி மறுபடியும் மாட்டுக்குப் போய்விடுமே என்பதுதான் என் கவலை.

அதற்குள் ஆடி வெள்ளி வந்தது. அம்மன் கோயிலில் கஞ்சி வார்த்த பிறகு, சாயங்காலம் நான்கு மணிக்கு வாசிக்கலாம் என்று ஊரில் சொன்னார்கள். ஆனால் நாட்டாமை ஒரு நிபந்தனை போட்டார்.

"அம்மன் பாட்டு ஒண்ணாவது இருக்கணும் தம்பி."

சித்தப்பா உடனே ஒரு பாட்டுக் கட்டினார். 'வா தாயே வா' என்பதுதான் மொத்தப் பாட்டும். வருடக்கணக்கில் கப்பலில் இருந்தவருக்கு நம் ஊர் வழக்கம் மறந்துவிட்டது போலும். ஆடி வெள்ளியில், அம்மன் வாசலில் நின்று, மேளத்தையும் அடித்து, வா வா என்று கூப்பிட்டால் யாராவது வராமல் இருப்பார்களா?

முதல் இரண்டு பாட்டுக்கே பிள்ளைகளெல்லாம் மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஆடினார்கள். மூன்றாவதாக அம்மன் பாட்டு. காங்கா குமுற, டிரம்பெட் பிளிற, நான் கை வலிக்க வலிக்கத் தட்டினேன். சந்தோஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அப்போது பெண்கள் பக்கமிருந்து ஓர் அலறல். கூந்தல் அவிழ்ந்து பறக்க, சித்தி ஆடிக்கொண்டு வந்தாள்.

"சாமி வந்திருக்கு! நிறுத்தாதீங்க, அடிங்க!" என்று நாட்டாமை கத்தினார். வந்த சாமி குறையைச் சொல்லி முடிக்கும்வரை மேளத்தை நிறுத்தக்கூடாது.

அந்தப் பாட்டில் ஓரிடத்தில் எல்லோரும் சட்டென்று நிறுத்தி, மனதுக்குள் நான்கு எண்ணி, மறுபடி பாய வேண்டும். ஒத்திகையில் ஒருநாளும் நான் அங்கே சரியாக நின்றதில்லை. அன்றும் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டேன். அம்மன் தாளம் தவறவில்லை. தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்று, நான்கு முடிந்ததும் தாளத்தோடு சேர்த்து ஊன்றினாள். சித்தப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டு, முன்னைவிட வேகமாக வாசித்தார்.

"என்ன கொறை தாயே? சொல்லு, செஞ்சு போடுறோம்" என்றார் நாட்டாமை.

சித்தி நேராக அப்பா முன்னால் போய் நின்றாள். அப்பா இருக்கும் கூடத்துக்குள் தலையைக்கூட நீட்டாதவள்.

"எம் புள்ளைய கடலுக்கு அனுப்புறியாடா? அந்தக் கை எனக்குக் கொட்டணும்டா! அனுப்புவியா?"

அப்பாவின் கைகள் தாமாகக் குவிந்தன. "இல்ல தாயே. அனுப்பல."

"சூடத்தை அணைச்சுச் சொல்லு!"

தட்டில் எரிந்துகொண்டிருந்த சூடத்தை அப்பா உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அந்தச் சத்தியத்துக்கு மேல் எங்கள் ஊரில் பேச்சே கிடையாது. வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்ததும் சித்தி மயங்கி விழுந்தாள். டிக்கெட் ரத்தானது.

அடுத்த ஒரு வாரம் என் கால் தரையில் படவில்லை. பள்ளிக்கூடத்தில், தெருவில், கடையில் என்று பார்த்தவர்களிடமெல்லாம், "எங்க பாட்டு அம்மனுக்கே மனப்பாடம் தெரியுமா? நாலு எண்ணுற எடத்துல நானே தப்பா அடிச்சிட்டேன், அம்மன் கரெக்டா நின்னுச்சு!" என்று அளந்துகொண்டிருந்தேன். எங்கள் ஒத்திகையெல்லாம் சித்தியின் அடுப்படி ஜன்னலுக்கு வெளியேதான் நடந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

ஒருநாள் நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சித்தி வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். சுடச்சுட ஒரு தோசையைத் தட்டில் போட்டாள்.

"அந்த நாலு கணக்கை மட்டும் யார்ட்டயும் சொல்லாதடி, என் தங்கம்."

தோசையைத் தின்றேன். அம்மனின் பெருமையைச் சொல்வதில் என்ன தப்பு என்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.