மேகமூட்டத்தில் ஒரு சூரிய அடுப்பு

குணசேகரன் இறந்த செய்தி எனக்கு மிகத் தாமதமாக வந்தது. எங்கள் கல்லூரிக்கு வந்து சூரிய அடுப்பில் சோறு சமைத்துக் காட்டியவர். வெயிலிலேயே சமைக்கலாம் என்று புதுச்சேரி முழுக்க சைக்கிளில் சொல்லித் திரிந்தவர். அவர் கொடுத்த அடுப்புகளில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, 2007 நவம்பரில் ஒரு ஞாயிறு கிளம்பினேன்.

விழுப்புரத்திலிருந்து பேருந்து. நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் மேகம். புதுச்சேரி நிலையத்திலிருந்து, அவர் அடுப்பு கொடுத்த மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்துக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். (பேரம் பேசினால் முப்பது. எனக்கு வராது.)

படகுகளுக்குப் பின்னால் கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி. அவருடைய அடுப்புதான். உள்ளே நூல்கண்டுகள், மிதவைகள். மீன் விற்றுக்கொண்டிருந்த பெண் சிரித்தாள்.

"வெயில்ல சோறாக்கச் சொன்ன சாரா? தங்கமான மனுசன். அது வேவறதுக்குள்ள எம்புருசன் கடலுக்குப் போயிட்டே வந்துடுவான்!"

இறந்துவிட்டார் என்றேன். கையிலிருந்த மீனைக் கூடையில் வைத்தாள்.

"யாரும் சொல்லலியே."

தட்டாஞ்சாவடிக்கு டெம்போ, ஐந்து ரூபாய். பட்டறைகளுக்குப் பின்னால் அவர் வீடு. அன்றுதான் முதல் வருஷ திதி என்பது வாசலில்தான் தெரிந்தது. மனைவி செல்வி மொட்டைமாடியில், அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். படையல் சோறு அதில்தான் வேக வேண்டும் என்று காலையிலேயே வைத்துவிட்டாராம். வெயில் வரவில்லை.

கீழிருந்து குணசேகரனின் தங்கை கத்தினார். "அண்ணி, மணி ஒண்ணாவுது! செத்தும் எங்கண்ணன பட்டினி போடுறீங்களே!"

செல்வி மூடியைத் திறந்தார். ஊறிய அரிசி. என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"மழ நாள்லயும் வேவும்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. அவரு குளிக்கப் போறப்ப நான் கேஸ்ல வேகவச்சு, திரும்ப இதுல கொண்டாந்து வச்சிருவேன் தம்பி. தொறந்து பாத்து கொழந்தையாட்டம் சிரிப்பாரு. இன்னிக்காவது ஏமாத்தாம போடணும்னு பாத்தேன்."

கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே போனார். கேஸ் பற்றும் சத்தம்.

சோறு வெந்தது. படையல் இலைக்குப் போகவில்லை. தூறலில் மாடியேறி வந்து, அதை அடுப்புக்குள் வைத்து மூடினார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திறந்தார். படிக்கட்டில் பார்த்துக்கொண்டிருந்த தங்கை பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

குணசேகரன் ஊருக்குச் சொன்னது பொய் என்று திரும்பும் பேருந்தில் ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அவருக்கு அது பொய்யாக இருந்ததே இல்லை.

போகிறவர்கள் ஏப்ரலில் போங்கள். வைத்திக்குப்பத்தில் கேட்டால் பெட்டியைக் காட்டுவார்கள். நவம்பர் என்றால் குடை அவசியம். வீட்டு முகவரியைத் தரப்போவதில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று கிளம்பும்போது செல்வியிடம் கேட்டிருந்தேன்.

"எழுதிக்க தம்பி. படிச்சா மனசு ஒடைஞ்சி போறவரு ஒருத்தருதான். அவருதான் இல்லியே."