பெரியம்மாவுக்கு அக்கி வந்தபோது

என் பெரியம்மா ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருபத்தாறு வருஷமாக ஆயா. வாய் கொஞ்சம் நீளம். ஏதாவது ஒரு பிள்ளைக்குச் சின்னம்மைக் கொப்புளம் தெரிந்தால் மற்ற ஆயாக்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். பெரியம்மாதான் அதைத் தூக்கிக்கொண்டு தனியறைக்குப் போவாள், பெற்றவர்கள் வரும்வரை மடியில் வைத்திருப்பாள்.

"எனக்கு ஏழு வயசுலயே வந்து போயிடுச்சு. என்கிட்ட அதோட பருப்பு வேகாது" என்று பெருமை வேறு.

நாங்களும் நம்பினோம். அறுபத்து மூன்று வயதில் இடது விலாவில் அப்படியொரு எரிச்சல். ரவிக்கை பட்டாலே துடித்தாள். மூன்றாம் நாள் வரிசையாகக் கொப்புளம். அக்கி.

டாக்டரம்மா சொன்னதை நானும் கூட இருந்து கேட்டேன்.

"வந்தது நிஜம், போனதுதான் பொய். அந்தக் கிருமி நரம்பு வேர்ல ஒட்டுக்குடித்தனம் பண்ணிட்டு இருந்துச்சு. ரத்தத்துல காவல் காக்குற அணுக்கள் இத்தனை நாளா அதைத் தலைதூக்க விடல. வயசாக ஆக அதுங்களுக்குச் சுறுசுறுப்பு குறையும். அசந்த நேரம் பாத்து எழுந்திருச்சு."

"அம்பத்தாறு வருஷமா உள்ளயேவா இருந்துச்சு? சொல்லாம கொள்ளாம?" பெரியம்மாவுக்கு வலியைவிடக் கோபம்தான் அதிகம்.

கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை குழந்தைகள் பக்கம் போகக் கூடாது, அந்த நீர் பட்டால் அதுகளுக்குச் சின்னம்மை வரலாம் என்றார் டாக்டர். முணுமுணுத்துக்கொண்டே வீட்டில் கிடந்தாள். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அவள் வீம்பு பிடிப்பதில்லை.

பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகு, இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த லெட்டரோடு காப்பகத்துக்குப் போனோம். நடத்துகிற மேடத்தின் இடுப்பில் ஒரு பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. அவர் லெட்டரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"வேற ஆள் பாத்துட்டேன் ஆயா. உங்களுக்கு வயசாயிடுச்சு, எதிர்ப்புச் சக்தி போயிடுச்சு. உள்ள கிருமிய வச்சுக்கிட்டு பிள்ளைங்கள எப்படித் தொடுவீங்க?"

இருபத்தாறு வருஷத்துக்கு இதுதான் மரியாதையா! அந்த வேலை இல்லாவிட்டால் பெரியம்மா நாலு சுவரைப் பார்த்துக்கொண்டே இடிந்துபோவாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மேடம், உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபத்தொண்ணு. எதுக்குக் கேக்குறீங்க?"

"சின்னம்மை போட்டிருக்கா?"

"ஸ்கூல் படிக்கிறப்ப..." மேடம் பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றினார்.

"அப்ப உங்களுக்குள்ளயும் அது படுத்துத் தூங்குது. நானாவது லெட்டர் வாங்கிட்டு வந்திருக்கேன்." பெரியம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள். "நீங்க வாங்கிட்டு வர்ற வரைக்கும் பிள்ளைங்களத் தொடாதீங்க. இப்படிக் குடுங்க."

மேடம் கொடுத்துவிட்டார்.