புளியங்குடி பஸ்ஸில் இன்னர்மோஸ்ட் வரை

போன வியாழக்கிழமை சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடிக்கு ஒரு மாபெரும் படையெடுப்பு நடத்தினோம். படை என்றால் நானும் என் தங்கை மகள் செல்வியும். அங்கே ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்காக அவள் பத்து மணிக்கு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். கொடுத்த பாடம், திசை காட்டும் சொற்களின் ஒப்பீடு. இன், இன்னர், இன்னர்மோஸ்ட். அவுட், அவுட்டர், அவுட்டர்மோஸ்ட். அவளுக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. குரல்தான் முதல் பெஞ்சைத் தாண்டாது. அதனாலேயே இரண்டு பள்ளிகள் கைவிரித்துவிட்டன.

எட்டரைக்கே பஸ் ஸ்டாண்டில் ஆஜர். பஸ் வந்தது எட்டு ஐம்பதுக்கு. இடையில் நான் குறுக்கும் நெடுக்கும் நடந்ததை ஒரே திசையில் நடந்திருந்தால் குற்றாலத்தில் குளித்துவிட்டே திரும்பியிருக்கலாம்.

"மாமா, ஒரு எடத்துல நில்லுங்க. ஒங்களப் பாத்தாத்தான் எனக்குப் படபடங்குது" என்றாள் செல்வி.

பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். எனக்குப் பதினேழு ரூபாய். தூரமும் ஏறக்குறைய பதினேழு கிலோமீட்டர். கூட்டமோ, பாதித் தென்காசி மாவட்டம். "உள்ள போங்க, இன்னும் உள்ள போங்கம்மா, அங்கன கட்டில் போட எடம் கெடக்கு" என்று கண்டக்டர் தள்ளிய தள்ளலில் செல்வி இன்னர்மோஸ்ட்டுக்கே போய்விட்டாள். நான் படியோரம்.

ஒன்பது நாற்பதுக்குப் பள்ளி நிறுத்தம். நான் குதித்துத் திரும்பினால் செல்வியைக் காணோம். விசில் கொடுத்தாயிற்று, பஸ் நகர்கிறது. பின்னாலேயே தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினேன். அப்போது பஸ்ஸின் வயிற்றுக்குள்ளிருந்து, "அண்ணாச்சி, நிறுத்துங்க. எறங்கணும்லா" என்றொரு குரல். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் குவித்து வைத்த காயெல்லாம் உருண்டிருக்கும். பஸ் நின்றது.

"இம்புட்டு சத்தத்த வச்சுக்கிட்டா சும்மா நின்னிய?" என்றார் கண்டக்டர்.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் எனக்கு ஸ்டூல் போட்டுப் பார்த்தார், என்னால் உட்கார முடியவில்லை. கடைசிக் கட்டடத்திலிருந்து அதே குரல் கேட்டது. வகுப்பையே பஸ்ஸாக்கி, இன்னர் ரோ, இன்னர்மோஸ்ட் ரோ என்று பிள்ளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஒங்க புள்ளையா? தென்காசி வரைக்கும் கேக்கும் போலயே" என்றார் வாட்ச்மேன். அதன் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள்.

பத்து மணிக்குப் புளியங்குடியில் வேலை இருப்பவர்கள் எட்டு ஐம்பது பஸ்ஸை நம்பலாம். இறங்கும் இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே வாசலுக்கு நகர்ந்துவிடுங்கள்.

திரும்பும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர். அவர் வாயைத் திறப்பதற்குள் படியோரம் நின்ற செல்வி, "உள்ள போங்க, இன்னும் உள்ள" என்றாள். கூட்டம் நகர்ந்தது. இன்னர்மோஸ்ட்டில் போய் நின்றது நான்.