துண்டில் ஏறிய நீலம்

அந்தத் தையல் ஆலையில் அவளை எல்லோரும் 'ஏனக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். துப்புரவு வேலை, வயது நாற்பத்தாறு. எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்டுவிடுவாள். கல்யாணமான புதிதிலேயே அவள் கணவன், "உனக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நாக்கு தேய்ஞ்சுபோச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். அவள் கேட்பதை விடவில்லை.

ஒரு மாதம் ஆலையில் வயிற்றுப்போக்கு வந்து ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். மேற்பார்வையாளர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னார். கழுவினார்கள். நோய் நிற்கவில்லை.

நடையைத் துடைக்கும்போது வருகைப் பலகையைப் பார்த்த ஏனக்காவுக்கு ஒன்று உறுத்தியது. படுத்தவர்கள் பதினொரு பேர். அதில் பத்துப் பேர் துணி வெட்டும் பிரிவு, இஸ்திரிப் பிரிவில் ஒரே ஒருவர்.

"தண்ணி எல்லாருக்கும் ஒண்ணுதானே சார். வெட்டுறவங்களுக்கு மட்டும் ஏன் வருது?"

"இஸ்திரிக்காரங்களுக்குக் கெட்டி வயிறு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவளுக்கு அது ஒப்பவில்லை. இரண்டு நாள் துடைப்பமும் கையுமாக இரு பிரிவுகளின் கை கழுவும் தொட்டிகளையும் கவனித்தாள். இரண்டிலும் சோப்பு இருந்தது. இஸ்திரிக்காரர்கள் கையை உதறிக்கொண்டே போனார்கள். அங்கிருந்த சூட்டில் தானாகக் காய்ந்துவிடும். வெட்டுகிறவர்களுக்கு அது ஆகாது. ஒரு சொட்டுத் தண்ணீர் துணியில் விழுந்தாலும் கறை. அதனால் ஆணியில் தொங்கிய ஒரே வெள்ளைத் துண்டில் எல்லோரும் துடைத்தார்கள். திங்கட்கிழமைதான் அதை மாற்றுவார்கள்.

'கழுவின கையைத்தானே துடைக்கிறாங்க?' என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

துணியில் கோடு போடும் நீலச் சுண்ணக்கட்டியில் உடைந்த துண்டுகளை வெட்டும் பிரிவின் மூத்தவரிடம் கேட்டாள். அவருக்குக் 'கத்திரி' என்று பட்டப்பெயர்.

"எதுக்கு?"

"இன்னும் தெரியலண்ணே. தெரிஞ்சா சொல்றேன்."

பொடியாக்கி எண்ணெயில் குழைத்துத் தன் கையிலேயே பூசினாள். நாளெல்லாம் சோப்பு நுரையில் கிடக்கிற கை, இதற்குச் சோதனையா என்றொரு மிதப்பு. வழக்கம்போலக் கழுவிப் பார்த்தாள். கட்டைவிரல் அடியில் நீலம், நக இடுக்கில் நீலம், புறங்கையில் நீலம். வெட்கமாகப் போய்விட்டது. மறுபடி சோப்பு போட்டு, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகம் என்று தேய்த்துக்கொண்டே எண்ணினாள். இருபதைத் தாண்டிய பிறகுதான் கை வெளுத்தது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கத்திரியின் கையில் நீலத்தைப் பூசினாள். அவர் அவசரமாகக் கழுவித் துண்டில் துடைத்தார். அதே துண்டில், நன்றாகக் கழுவின கையை மேற்பார்வையாளரைத் துடைக்கச் சொன்னாள். அவர் உள்ளங்கையில் நீலக் கீற்று விழுந்தது.

"சுண்ணக்கட்டியால வயிறு கெடுமா?" என்றார் அவர்.

"கெடாது சார். கண்ணுக்குத் தெரியாத கிருமி எங்கெல்லாம் போகும்னு பாக்கத்தான், கண்ணுக்குத் தெரியுற ஒண்ணை விட்டுப் பாத்தேன்."

 அவர் ஆணியிலிருந்த துண்டைத் தானே கழற்றி எடுத்தார்.

வெட்டி மிஞ்சிய பருத்தித் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதைக் கையகலத்துக்கு வெட்டிப் பெட்டியில் அடுக்கினார்கள். ஒருமுறை துடைத்ததும் வாளியில் போட வேண்டும். மாலையில் ஏனக்கா கொதிக்கவைத்து அலசுவாள். சோப்பு போட்டு இருபது எண்ணுவதும் பழகியது. "என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு சுத்தமா கை கழுவ வச்சதில்ல" என்று கத்திரி சொன்னதற்கு ஆலையே சிரித்தது.

அடுத்த மாதம் படுத்தவர்கள் இரண்டே பேர். ஆலைக்கு வந்த செவிலியிடம், "அப்ப துண்டுதான் காரணமா?" என்று ஏனக்கா கேட்டாள்.

"அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. துண்டு ஒரு வழி. கழிப்பறைக்குப் போய்ட்டு வந்தும், சாப்பிடறதுக்கு முன்னாடியும் இப்படித் தேச்சுக் கழுவினாலே பாதிப் பிரச்சினை ஓடிடும்."

ஏனக்காவின் கண் குழாய்க்குப் போனது. "அழுக்குக் கையால திருகித் திறக்குறோம். கழுவின கையால அதையேதானே மூடுறோம்?"

செவிலி குழாயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துடைச்ச துணியாலயே மூடிட்டு, அப்புறம் வாளியில போடச் சொல்லுங்க."

மறுநாள் காலை முதல் ஆளாக வந்த மேற்பார்வையாளரைக் கை கழுவும் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், துடைத்த துணியாலேயே குழாயை மூடிக் காட்டினாள் ஏனக்கா.