நிர்மலாவின் வட்டத்துக்குள் ஒரு சனிக்கிழமை

2008 ஜூலையில் ஒரு சனிக்கிழமை ராயபுரத்தில் இறங்கி எண்ணூர் வரை போய், மணலி, மாத்தூர் வழியாகத் திரும்பினேன். வட சென்னையில் கடைக்கோ கிடங்குக்கோ இடம் தேடுகிறவர்களுக்கு உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் போனது மட்டும் வேறு காரணத்துக்காக. என்னோடு வேலை செய்யும் நிர்மலா தப்பு செய்திருக்கிறாள் என்று நிரூபிக்கப் போனேன்.

எங்கள் கம்பெனி டிரெய்லர் லாரிகளுக்கு பிரேக் உதிரிபாகங்கள் விற்கிறது. வட சென்னையில் ஒரு கிளை திறப்பதாக முடிவானது. நான் சொன்ன இடம் மாத்தூர். மணலி பக்கத்திலேயே இருக்கிறது, டேங்கர் லாரிகள் நிறைய, வாடகையும் குறைவு. இதை நான்கு பக்கம் டைப் செய்து கொடுத்திருந்தேன்.

நிர்மலா ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டினாள். புதிதாக வாங்கிய மேப் சாஃப்ட்வேரை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் வாடிக்கையாளர் விலாசங்கள், லாரி ஷெட்டுகள், ஒர்க்‌ஷாப்புகள் எல்லாம் அதில் புள்ளிகளாக இருந்தன. பத்து வண்டிக்கு மேல் வைத்திருப்பவர்கள் சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள், ஒற்றை வண்டிக்காரர்கள் பச்சை. திருவொற்றியூரில், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டின் மேல் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் புள்ளிகள் மொய்த்தன. மாத்தூரைச் சுற்றியும் அதே அளவு வட்டம் போட்டுக் காட்டினாள். அது பாவமாக இருந்தது. மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என் நான்கு பக்கத்துக்கு அவர் நாற்காலியை நகர்த்தவில்லை.

யாருடைய இடம் தேர்வாகிறதோ அவரே கிளைக்குப் பொறுப்பாளர் என்று பேச்சு இருந்தது. நானும் நிர்மலாவும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். அன்றிலிருந்து மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். அந்த வாரம் முழுக்க அவள் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது எதுவும் எனக்கு இறங்கவில்லை.

வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் கடற்கரை, அங்கே மாறினால் அடுத்த ஸ்டேஷன் ராயபுரம். ஒன்பது மணிக்கு வெளியே வந்து, எண்ணூர் போய் மணலி வழியாகத் திரும்புவதற்கு 450 ரூபாய் பேசி ஒரு ஆட்டோ எடுத்தேன். டிரைவர் பெயர் தேசிங்கு, காசிமேட்டுக்காரர். நான் மடியில் விரித்திருந்த நிர்மலாவின் வரைபடப் பிரிண்டைத் திரும்பிப் பார்த்து, “இன்னாம்மா இது, அம்மை போட்ட மாதிரி கீது?” என்றார்.

காசிமேடு தாண்டியதுமே வலது கை பக்கம் கடல், கருங்கல் தடுப்பு. இடது பக்கம் ஷெட்டுகள். ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்த்துக்கொண்டே போனேன். மூடிக் கிடக்கும், பெயர் மாறியிருக்கும், இடிந்திருக்கும் என்று ஆசையோடு எட்டிப் பார்த்தேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சிவப்புப் புள்ளி உள்ள இடத்தில் பத்துக்கு மேல் டிரெய்லர் நின்றது. எனக்கு எரிந்தது.

திருவொற்றியூர் நெருங்கும்போது ஆட்டோ நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போக வேண்டிய கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. காலையிலிருந்து ஒரு வண்டி கூட நகரவில்லை என்று விசாரித்துவிட்டு வந்து சொன்னார் தேசிங்கு.

அப்போதுதான் உறைத்தது. நிர்மலாவின் ஐந்து கிலோமீட்டர் காகிதத்தில்தான் ஐந்து கிலோமீட்டர். இந்த வரிசையில் மாட்டினால் அரை நாள். எந்த வண்டி அவள் கடைக்கு வரும்? அவள் வரைபடத்தில் வரிசை இல்லை! மேனேஜருக்கு அனுப்ப வேண்டிய மெயிலின் முதல் வரி அங்கேயே மனதில் தயாராகிவிட்டது. சந்தோஷத்தில் ரோட்டோரக் கடையில் தேசிங்குக்கும் சேர்த்து டீ சொன்னேன்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது எதிரே நின்ற லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டிருப்பதைப் பார்த்தேன். மெக்கானிக். அதற்கு நான்கு வண்டி தள்ளி இன்னொருவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். எழுந்துபோய் வரிசையோடு கொஞ்ச தூரம் நடந்தேன். எங்கே பார்த்தாலும் யாராவது எதையாவது கழற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து தேசிங்கிடம் கேட்டேன்.

“லைன வுட்டு வண்டிய எடுத்தா எடம் பூடும்மா. அதான் மெக்கானிக்கு இங்கியே வந்து செஞ்சிகினு கீறான். சாமான் வோணும்னா பாரீஸ் கார்னருக்கு ஓடணும், அதான் பேஜாரு.”

டீ ஆறிப்போயிருந்தது. வண்டி கடையைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை. நாள் முழுக்கக் கடை வாசலில்தான் நிற்கப்போகிறது. அவள் நினைத்துப் பார்க்காத காரணத்துக்காகவும் அவள் இடம் சரியாக இருந்தது.

எண்ணூரில் கழிமுகத்தை ஒட்டி ஒரு கடையில் வஞ்சிரம் வறுவலோடு சாப்பாடு, அறுபது ரூபாய். சாப்பாடு நன்றாக இருந்தது, ருசிக்கத்தான் என்னால் முடியவில்லை. மேனேஜரிடம் வரிசையைப் பற்றி மட்டும் சொல்லி, மெக்கானிக்குகளைச் சொல்லாமல் விட்டால் போதும். பொய்யும் இல்லை. அவர் இந்தப் பக்கம் வந்து பார்க்கப்போவதும் இல்லை. திரும்பும்போது மாத்தூரில் நான் தேர்ந்தெடுத்த இடத்தில் இறங்கினேன். அகலமான ரோடு, நிழல், நல்ல கட்டடம். அரை மணி நேரம் நின்றதில் ஒரு டேங்கர் கூட வேகத்தைக் குறைக்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் வரிசையைப் பற்றிச் சொன்னேன். நிர்மலாவின் முகம் வாடியது. அந்த முகத்தைப் பார்க்க ஒரு வாரமாக ஆசைப்பட்டிருந்தேன். பார்த்தேன். பிறகு மெக்கானிக்குகளைப் பற்றியும் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. மாத்தூரில் அந்த அரை மணி நேரம் நிற்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ.

அவள் உடனே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். வட்டத்தை அழித்தாள். ரோட்டோடு வரிசை நிற்கும் நீளத்துக்கு ஒரு பட்டை வரைந்தாள், அதன் இரு பக்கமும் உள்ள ஒர்க்‌ஷாப்புகளை மட்டும் தேடி எடுத்துத் தனி நிறம் கொடுத்தாள். நான் ஒரு நாள் முழுக்க வெயிலில் பார்த்தது, மேனேஜர் காபி குடித்து முடிப்பதற்குள் திரையில் வந்துவிட்டது. அவர் அவளைப் பாராட்ட வாயெடுத்தார்.

“நான் கண்டுபிடிக்கலை சார். இவதான் நேர்ல போய்ப் பார்த்தா. எனக்கு வட்டம் போடத்தான் தெரிஞ்சுது” என்றாள் நிர்மலா.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

கிளை திருவொற்றியூரில் திறந்தது. பொறுப்பு அவளுக்கு. சாஃப்ட்வேரை எனக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

நீங்களும் இதுபோல இடம் பார்ப்பதாக இருந்தால், வரைபடத்தில் வட்டம் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். லாரிகள் எங்கே நகராமல் நிற்கின்றன என்பதை நேரில் போய்க் குறித்துக்கொண்டு வந்து அதையும் சேருங்கள். வாடிக்கையாளர்களை வண்டி எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பதோடு, எங்கே ரிப்பேர் செய்கிறார்கள் என்பதை வைத்தும் பிரித்துப் பாருங்கள். துறைமுக விடுமுறை நாளில் போனால் ரோடு காலியாக இருக்கும், ஒன்றும் புரியாது. ஆட்டோவை முழுப் பயணத்துக்கும் பேசிக்கொள்ளுங்கள், நடுவில் வேறு வண்டி கிடைக்காது. கைக்குட்டை அவசியம், மணலி பக்கம் கண் எரியும்.

மாதம் ஒருமுறை கணக்கு வேலையாக அந்தக் கிளைக்குப் போகிறேன். கல்லாவில் அவள் உட்கார்ந்திருக்க, மெக்கானிக்குகள் “அக்கா, அக்கா” என்று அவளைச் சுற்றி நிற்பார்கள். போன வாரம் போனபோது வாசலில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். அவள் வரைபடத்தில் இது இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மனசுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது.