எழிலரசன் கிரேனுக்குப் போட்ட தொகை

ஒரகடம் பக்கம் இரும்பு வேலை காண்ட்ராக்ட் எடுப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை நடக்கும்போது இரும்பு விலை ஏறலாம், மழை பிடித்துக்கொள்ளலாம், கம்பெனிக்காரர்களே வரைபடத்தை மாற்றலாம். எது ஆனாலும் பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் பெயராது. அதனால் கொட்டேஷனில் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். அதை 'எதிர்பாராத செலவு' என்று நேராக எழுதினால் பர்ச்சேஸ் ஆபீசில் முதலில் அந்த வரியைத்தான் அடிப்பார்கள். ஆகவே ஒளித்து வைப்பார்கள். ஒருவர் பெயிண்டில் ஒளிப்பார், இன்னொருவர் போல்ட் நட்டில். மண்ணூர் எழிலரசன் கிரேன் வாடகையில் ஒளிப்பார். உண்மையை எழுதினால் வேலை கிடைக்காத இடத்தில் மனிதர் வேறென்னதான் செய்வார்?

போன வருஷம் ஒரு கம்பெனிக்குள் இரும்புத் தூண் நிறுத்தி மேல்தளம் போடும் வேலை வந்தது. பர்ச்சேஸ் அதிகாரி சுகப்பிரியா கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, "கிரேன் எங்ககிட்டயே இருக்கு சார். அதையே யூஸ் பண்ணிக்குங்க, இந்த வரியை எடுத்துடலாம்" என்றாள். உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னாள், பாவம். அது கிரேன் காசில்லை மேடம் என்று எந்த வாயால் சொல்வது? எழிலரசன் தலையாட்டிவிட்டு வந்தார்.

அந்தக் கிரேன் என்றைக்கும் கம்பெனி வேலையிலேயே இருந்தது. அவருடைய ஆட்கள் அதை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கூலி மட்டும் உட்காரவில்லை. கிழக்கே வைத்த படிக்கட்டை மேற்கே மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். வேலை முடிந்தபோது லாபம் போய், வெல்டர் அன்புவுக்குக் கூலி பாக்கி நின்றது. எழிலரசன் முதல் வெல்டிங் மெஷின் வாங்கிய நாளிலிருந்து கூட இருப்பவன் அன்பு. அவனை நம்பித்தான் அவர் வேலையே ஒப்புக்கொள்வது. பாக்கியைத் துண்டு துண்டாகத் தீர்ப்பதற்குள் தீபாவளி வந்து போனது. கடைசித் தவணையை வாங்கும்போது அன்பு சொன்னான்: "இன்னொரு தபா இந்த மாரி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுண்ணா. சொல்லிட்டேன்."

இந்த மாதம் அதே கம்பெனியில் அடுத்த வேலை. கொட்டேஷனை டைப் செய்த மனைவி காவேரி பாதியில் நிமிர்ந்தாள்.

"இது இன்னாங்க புதுசா? எதிர்பாராத செலவுன்னு பச்சையா எழுதிக்கீறீங்க?"

"அப்டியே போடு. ஒளிச்சி வெக்கிறதுக்கும் தெம்பு வேணும் இல்ல?"

சுகப்பிரியாவின் பேனா நேராக அந்த வரியில் போய் நின்றது. "இதை மட்டும் எடுத்துட்டீங்கன்னா இன்னிக்கே ஆர்டர் போட்டுடறேன் சார். இது இருந்தா எங்க மேனேஜர் கையெழுத்தே போட மாட்டாரு."

எழிலரசன் ஏசிக் குளிரில் அந்த வரியையே பார்த்தார். மறுபடி கிரேனுக்கடியில் உட்காரப்போகும் ஆட்களும், மறுபடி வாசலில் வந்து நிற்கப்போகும் அன்புவும் கண்ணில் வந்தார்கள்.

"அது இல்லாம எனக்கு இந்த வேல வேணாம் மேடம்."

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பயத்தோடு பயமாக, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கேட்டுக்கு வெளியே, அவருடைய டாடா ஏஸ் பக்கத்தில் அன்பு நின்றிருந்தான். அவர் வரச் சொல்லியிருக்கவில்லை.

"ஆர்டர் ஆய்டுச்சாண்ணா?"

"வேணாம்னுட்டேன்டா. எதுனா ஆச்சுன்னா நம்ம தலையிலதான்னாங்க. உன் கூலிய பணயம் வெச்சி இன்னொரு தபா எறங்க என்னால ஆவாது. சின்ன வேலையா பாத்துக்கலாம்."

அன்பு சந்தோஷப்படுவான் என்று நினைத்தார். அவன் முகம் செத்துப்போனது.

"நீ ஒத்துக்கினு வந்துருவன்னு நெனச்சேண்ணா. எப்பவும் அப்டித்தானே வருவ. நேத்தே ஸ்ரீபெரும்புதூர்ல ஒருத்தராண்ட வேலைக்கு வரேன்னு சொல்லி அட்வான்ஸ் வாங்கிட்டேன். பொண்ணுக்கு ஃபீஸ் கட்டியாச்சு. அத்தச் சொல்லத்தான் வந்தேன்."

எழிலரசனிடம் அழுகை வந்ததா என்று கேட்டால் இல்லை என்பார். வந்தது. அவனைத் திட்டவும் வாய் வரவில்லை. அவன் நினைத்ததில் தப்பும் இல்லையே. கர்ச்சீப்பை எடுத்து வியர்வையைத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். ஸ்டார்ட் செய்துவிட்டு, மறுபக்கக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டார்.

"ஏறு. வூட்டாண்ட வுட்டுட்டுப் போறேன்."